அப்பா தூங்கிய ரயில் பெட்டி

கேள்வி இது: "பழைய ஐரோப்பிய ஓவியங்களில் காதல் காட்சிகள் நிறைய வருகின்றன. தோட்டத்து பெஞ்சு, கடிதம், பியானோ, தலைகுனிந்த பெண், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் இளைஞன். அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி. பிஸ்கட் டப்பா மூடியில் போடுவதற்கு மேல் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எப்படிப் பார்ப்பது?"

இருக்கிறது. ஆனால் காதலர்களின் முகத்தில் தேடினால் கிடைக்காது. அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மூன்றாவதாக அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது ஓர் ஆளாக இருக்கலாம், மேசையாக இருக்கலாம், வேலியாக இருக்கலாம், சில படங்களில் வெறும் இடைவெளிதான். இவற்றை வரைந்தவர்களில் கெட்டிக்காரர்கள் எல்லாருக்கும் அந்த மூன்றாவதின் மேல்தான் கண். இதற்குச் சாட்சியாக ஓர் ஓவியரையே கூப்பிடுகிறேன். பாவம், அவர் ஒரே படத்தை இரண்டு தடவை வரைய வேண்டி வந்தது.

ஆபிரகாம் சாலமன் 1854 இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிக்கு ஒரு ரயில் காட்சியை அனுப்பினார். 'முதல் வகுப்பு: சந்திப்பு' என்று பெயர், கூடவே முதல் சந்திப்பிலேயே காதல் வந்ததாகச் சொல்லும் ஷேக்ஸ்பியர் வரி ஒன்று. மெத்தை தைத்த முதல் வகுப்புப் பெட்டி. மூலையில் வயதான அப்பா அசந்து தூங்குகிறார். மகளும் எதிரே வந்து உட்கார்ந்த இளைஞனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். கை படவில்லை, முத்தம் இல்லை. ஆனாலும் கண்டனம் வந்தது. அறிமுகமில்லாத ஆண் ஒருவன், அப்பா கண்ணை மூடியிருக்கும் நேரம் பார்த்து, நல்ல குடும்பத்துப் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறான், அவளும் பதில் சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று பத்திரிகைகள் முகம் சுளித்தன.

சாலமன் மறுபடி வரைந்தார். இந்தத் தடவை அப்பா விழித்துக்கொண்டார். விழித்ததோடு நிற்காமல் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். இளைஞன் இப்போது கடற்படைச் சீருடையில் இருக்கிறான், அதாவது பையனுக்கு ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. அவன் ஏதோ சுவாரசியமாகச் சொல்ல, அப்பா ஆர்வமாகக் கேட்கிறார். பெண் ஒரு பக்கமாக இருந்து அதைக் காதில் வாங்கிக்கொள்கிறாள். பெட்டி அதே பெட்டி, பெண் அதே பெண். காதல்கூட அப்படியேதான் இருக்கிறது. அது போகும் வழி மட்டும் மாறிவிட்டது. முதல் படத்தில் அவனிடமிருந்து அவளுக்கு நேராகப் போனது, இரண்டாவதில் அப்பா வழியாகச் சுற்றிப் போகிறது.

அன்றைய ரயில் பெட்டி எப்படி இருந்தது என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் இன்னும் புரியும். பெட்டிகளை இணைக்கும் நடைபாதை அப்போது கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கமாக மட்டும்தான் கதவு. வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த நிலையம் வரை யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. வரவேற்பறையில் கதவு திறந்தே இருக்கும், அம்மா பக்கத்து அறையில் இருப்பாள், வேலைக்காரி தேநீரோடு எந்த நிமிடமும் வரலாம். ரயில் அந்த ஏற்பாடு முழுவதையும் ஒரே அடியில் காலி செய்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே காவல் அப்பாவின் கண். அதையும் ஓவியர் மூடி வைத்தால் விட்டுவிடுவார்களா?

(அந்தப் படத்துக்கு ஒரு ஜோடிப் படமும் உண்டு: 'இரண்டாம் வகுப்பு: பிரிவு'. மரப்பலகை இருக்கை, பிழைப்புக்காகக் கடல் கடந்து போகப்போகும் சிறு பையன், அவனோடு வரும் தாய், பின்னால் சுவரில் கப்பல் பயண விளம்பரங்கள். முதல் வகுப்பில் காதல், இரண்டாம் வகுப்பில் பிரிவு என்று டிக்கெட் விலைப்படி உணர்ச்சியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.)

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களின் விஷயத்தை ஆங்கிலத்தில் 'கோர்ட்ஷிப்' என்பார்கள். தமிழில் 'காதல்' என்றால் போதவில்லை, 'பெண் பார்த்தல்' என்றாலும் பொருந்தவில்லை. நம் பழைய இலக்கணக்காரர்கள் களவு, கற்பு என்று இரண்டாகப் பிரித்தார்கள்: ஊருக்குத் தெரியாமல் சந்திப்பது ஒன்று, ஊரறிய வாழ்வது மற்றொன்று. கோர்ட்ஷிப் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விநோதமான நிலை. ஊரறிய நடக்கும் களவு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆண் வீட்டுக்கு வந்து போகலாம், பேசலாம், பாட்டுக்குப் பக்கம் புரட்டலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு, அளக்க ஆளும் உண்டு. நிச்சயம் ஆகாத இருவர் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது என்பது நல்ல குடும்பத்து வழக்கம். பகலில் மரியாதை நிமித்தம் வந்து போகும் ஆண், தொப்பியையும் கைத்தடியையும் வாசலில் விட்டுவிடாமல் கூடத்துக்குள்ளேயே கொண்டுவருவான். வாசலில் மாட்டிவிட்டு வந்தால் 'தங்கப்போகிறேன்' என்று ஆகிவிடும். ஓவியத்தில் இளைஞன் தொப்பியோடு தவிப்பது கூச்சத்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள். தொப்பி கையில் இருப்பதே 'நான் இன்னும் விருந்தாளிதான்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த விதிகள் தெரியாமல் பார்த்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு இருநூறு வருடம் பின்னால் போய் ஒரு டச்சு உதாரணம் எடுக்கிறேன். ஜெரார்ட் டெர் போர்க் 1654 வாக்கில் வரைந்த படம். ஒரு பிரதி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்திலும் மற்றொன்று பெர்லினிலும் இருக்கின்றன. வெள்ளி நிறச் சாட்டின் உடை போட்ட இளம்பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். எதிரே நாற்காலியில் போர்வீரன் உடையில் ஓர் ஆண், கையை உயர்த்தி ஏதோ சொல்கிறான். அவனுக்குப் பக்கத்தில் வயது கூடிய ஒரு பெண், மதுக்கிண்ணத்துக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டு குடிக்கிறாள். பின்னால் திரை போட்ட கட்டில். 1765 இல் யோஹான் கியோர்க் வில்லே இதைச் செதுக்கி அச்சிட்டபோது 'தந்தையின் அறிவுரை' என்று தலைப்பு வைத்தார். தலைப்பு ஒட்டிக்கொண்டது. 1809 இல் ஜெர்மன் எழுத்தாளர் கதே தன் நாவல் ஒன்றில், விருந்துக்கு வந்தவர்கள் இந்தப் படத்தை ஆட்களை நிறுத்தி நடித்துக் காட்டுவதாக எழுதினார். அதில் அப்பா எவ்வளவு கண்ணியமாக மகளைக் கண்டிக்கிறார், அம்மா சங்கடத்தை மறைக்கக் கிண்ணத்துக்குள் பார்க்கிறாள் என்றெல்லாம் வர்ணனை.

பிற்பாடு வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். 'அப்பா'வுக்கு என்ன வயது? பெண்ணுக்கு அப்பா ஆகிற வயதே இல்லை. பட்டாளத்துக்காரன் மகளைக் கண்டிக்கக் கட்டில் இருக்கும் அறைக்கு ஏன் வர வேண்டும்? நடுவில் உட்கார்ந்து குடிப்பவள் அம்மாவா, தரகியா? பெர்லின் படத்தில் அவன் விரல்களுக்கு நடுவே ஒரு நாணயம் இருந்து பிற்பாடு அழிந்துபோனது என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் இது விலை பேசும் காட்சி. வேறு சிலர், இது முறைப்படி வந்து காதலைச் சொல்லும் காட்சியாகவும் இருக்கலாம் என்கிறார்கள். இன்று ரைக்ஸ் மியூசியத்தில் 'காதல் பேச்சு' என்ற மாதிரி ஒரு நடுநிலைத் தலைப்பு வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், டெர் போர்க் வேண்டுமென்றே குழப்பியிருக்கிறார். அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தால் விஷயம் தீர்ந்துவிடும்: சிரிக்கிறாளா, அழுகிறாளா, எரிச்சலா? அதனால்தான் முகத்துக்குப் பதிலாகச் சாட்டினைக் காட்டுகிறார். அந்தத் துணியின் ஒவ்வொரு மடிப்பையும் ஆசை தீர வரைந்திருக்கிறார், கழுத்துக்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். கதேயின் நாவலில் அந்த நடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன் பொறுமை இழந்து 'கொஞ்சம் திரும்புங்களேன்' என்று கத்துவான். அவள் திரும்பமாட்டாள். அறிவுரை, காதல், வியாபாரம் மூன்றுக்கும் வெளித்தோற்றத்தில் ஒரே நாற்காலி, ஒரே கிண்ணம், ஒரே கை அசைவு போதும் என்பது 1654 இலேயே ஓர் ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது.

டச்சுக்காரர்களிடம் வேறொரு தந்திரமும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச முடியாததைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். டப்ளினில் இருக்கும் காப்ரியேல் மெட்சுவின் படத்தில் ஒரு பெண் கடிதம் படிக்கிறாள், வேலைக்காரி சுவரில் இருக்கும் ஓவியத்தின் திரையை விலக்குகிறாள். உள்ளே புயலில் தத்தளிக்கும் கப்பல். காதலைக் கடலுக்கும் காதலனைக் கப்பலுக்கும் ஒப்பிடுவது அந்தக் கால டச்சு வாசகர்களுக்குப் பழகிய உருவகம். பெண்ணின் முகத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் சுவரில் இருக்கும் படத்துக்குள் இருக்கிறது.

இப்போது மறுபடி விக்டோரியா காலம். கடிதம் என்றேனே, அதற்குப் பின்னால் சட்டமும் உண்டு. திருமண வாக்குறுதி கொடுத்துவிட்டு ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இங்கிலாந்தில் 1970 இல் போட்ட சட்டம்தான் இதை ஒழித்தது. வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீதிமன்றத்தில் முக்கியமான சாட்சி எது? காதல் கடிதம். ஆகவே அந்த ஓவியங்களில் ஒரு பெண் மேசை இழுப்பறையில் கடிதங்களை ரிப்பன் கட்டிப் பத்திரப்படுத்தினால், அது நினைவுப்பெட்டகம் மட்டும் இல்லை, ஆவணக் காப்பகமும்தான்.

ஏன் பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதைச் சொல்லும் படம் ஆர்தர் ஹியூஸின் 'நீண்ட நிச்சயதார்த்தம்'. பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1859 இல் கண்காட்சிக்கு வந்தது. காட்டுக்குள் ஒரு மரத்தடியில் இளம் உதவிப் பாதிரியார் ஒருவர் மேலே வெறித்துப் பார்த்தபடி நிற்கிறார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவரையே பார்க்கிறாள் அவள். மரத்தில் முன்பொரு நாள் அவளுடைய பெயரைச் செதுக்கியிருக்கிறார்: 'ஏமி'. இப்போது அந்த எழுத்துகள்மேல் ஐவிக் கொடி ஏறிவிட்டது.

அந்தக் கொடிதான் இங்கே மூன்றாவது. கொடி வளர எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போடச் சொல்கிறார் ஹியூஸ். ஏன் இத்தனை வருடம் கல்யாணம் ஆகவில்லை? அப்பா தடையா, சாதி தடையா? ஒன்றும் இல்லை. சம்பளம். உதவிப் பாதிரியாருக்குக் கிடைப்பது சொற்பம். தனக்கென்று ஒரு திருச்சபை வட்டாரம், அதனோடு வரும் வீடு, வருமானம் எல்லாம் அமையும்வரை நடுத்தர வகுப்பு ஆண் கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவன். அந்தப் பதவி எப்போது காலியாகும், யார் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவருக்கு நாற்பது வயதில் கிடைத்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு? 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 5 லட்சம் பேர் கூடுதல் என்று காட்டியது. 'மிகைப்பெண்கள்' என்று பத்திரிகைகளில் பெரிய விவாதம். அந்தப் பின்னணியில் பார்த்தால் அவள் பிடித்திருக்கும் பிடி வேறுமாதிரி தெரியும்.

இந்தப் படத்தின் பிறப்பு இன்னும் சுவாரசியமானது. ஹியூஸ் முதலில் தொடங்கியது ஷேக்ஸ்பியர் நாடகத்துக் காட்சி: ஆர்டன் காட்டில் ஒர்லாண்டோ காதலியின் பெயரை மரத்தில் செதுக்குகிறான். பிறகு அந்த உருவத்தை அழித்துவிட்டு இந்தக் காலத்து ஜோடியை நிறுத்தினார். காடு அப்படியே இருக்கிறது, செதுக்கும் யோசனையும் அப்படியே. நாடகத்துக் காதலன் போய்ச் சம்பளம் போதாத மாப்பிள்ளை வந்துவிட்டார். ஒரே கித்தான்மீது இரண்டு காலங்கள்.

பணம் என்று வந்தபிறகு மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1743 வாக்கில் வரைந்த ஆறு பட வரிசையின் முதல் படத்தில் பிரபுவும் வணிகரும் மேசையில் கல்யாண ஒப்பந்தம் பேசுகிறார்கள். ஒருவர் பரம்பரை மரத்தைக் காட்டுகிறார், மற்றவர் காசைக் கொட்டுகிறார். மணமக்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, அவர்கள் காலடியில் ஒரே சங்கிலியில் கட்டிய இரண்டு நாய்கள். 1761 இல் பாரிஸில் ஓவியர் க்ரூஸ் அதே ஒப்பந்தத்தைக் கண்ணீரோடு வரைந்தார்: கிராமத்து வீடு, பத்திரம் எழுதுபவர், மருமகன் கையில் சீதனப் பை, விசும்பும் தங்கை. எழுத்தாளர் திதரோ அதைப் பற்றி உருகி எழுதினார். எனக்கு ஹோகார்த்தின் விஷம்தான் பிடிக்கும். ஆனால் க்ரூஸின் படத்தில் மணப்பெண்ணின் விரல்கள் மாப்பிள்ளையின் கைமீது படுவதா வேண்டாமா என்று தயங்குவது மட்டும் பொய்யில்லை.

இவர்கள் எல்லாரையும்விட எனக்கு நெருக்கமானவர் ரஷ்யாவின் பாவெல் ஃபெடோடோவ். ராணுவ அதிகாரியாக இருந்து வேலையை விட்டு ஓவியத்துக்கு வந்தவர். அவருடைய 'மேஜர் பெண் கேட்டு வருகிறார்' 1848 இல் வரைந்தது, மாஸ்கோவின் டிரெட்டியாகோவ் கூடத்தில் இருக்கிறது. பணக்கார வணிகர் வீட்டுக் கூடம். தரகி வாசலில் வந்து 'வந்துவிட்டார்' என்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் மேஜர் இடுப்பில் ஒரு கையை ஊன்றி மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குள் ஒரே அமளி: அப்பா அங்கியின் பொத்தானைப் போட அவசரப்படுகிறார், வெண்ணிற நாகரிக உடை போட்ட பெண் உள்ளே ஓடப் பார்க்கிறாள், அம்மா அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள், கைக்குட்டை தரையில் விழுகிறது. முன்னால் ஒரு பூனை, எதைப் பற்றியும் கவலைப்படாமல் முகத்தைத் துடைத்துக்கொள்கிறது. பூனை முகம் கழுவினால் விருந்தாளி வருவார் என்பது ரஷ்ய நம்பிக்கை. நம் வீட்டில் காக்கை கரைந்தால் சொல்வோமே, அதே.

இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? மேஜருக்குப் பதவியும் பிரபுத்துவமும் இருக்கிறது, கையில் காசு இல்லை. வணிகருக்குக் காசு இருக்கிறது, மரியாதை இல்லை. ஃபெடோடோவே இந்தப் படத்துக்கு ஒரு நீண்ட செய்யுள் எழுதினார், 'நிலைமையைச் சீர்படுத்துதல், அல்லது மேஜரின் கல்யாணம்' என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. 'நிலைமை' என்றால் கடன் நிலைமை. பெண் வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் பெரிய அச்சில் பார்த்தபோதுதான் அந்த ஓட்டத்தில் கொஞ்சம் நடனம் இருப்பது தெரிந்தது. வெட்கப்பட வேண்டிய கட்டத்தில் வெட்கப்படுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அவளும் ஒழுங்காகச் செய்கிறாள். அம்மா பிடித்து இழுப்பதும் அதே கூத்தில் ஒரு பங்குதான். பெண் பார்க்க வந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஃபெடோடோவ் நான்கே வருடத்தில், 1852 இல், மனநல மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 37.

அதே டிரெட்டியாகோவில் வாசிலி புகிரெவின் 1862 ஆம் ஆண்டுப் படமும் இருக்கிறது: 'பொருந்தாத் திருமணம்'. கிழ அதிகாரி, மார்பில் பதக்கம், பக்கத்தில் அழுது சிவந்த கண்களோடு சின்னப் பெண், மோதிரம் போட வளையும் பாதிரியார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கும் இளைஞன் ஓவியரேதான் என்பார்கள். நல்ல படம், ஆனால் ஃபெடோடோவின் பூனை சொல்வதை இது உரக்கக் கத்திச் சொல்கிறது. லண்டனில் எட்மண்ட் பிளேர் லெய்ட்டனும் 1870களின் கடைசியில் இதே கதையை வரைந்தார்: வயதான பணக்கார மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலிலிருந்து வெளியே வரும் பெண், இருக்கையிலிருந்து பார்க்கும் பழைய காதலன். இன்று அதை 'சாவு பிரிக்கும்வரை' என்ற தலைப்பில் பார்க்கிறோம். அவர் முதலில் வைத்த பெயர் 'எல்.எஸ்.டி.', அதாவது பவுன், ஷில்லிங், பென்ஸ். முதல் தலைப்பே எனக்குப் பிடிக்கிறது.

கல்யாணம் ஆனபிறகு என்ன என்பதை ஸ்காட்லாந்துக்காரர் ஆர்ச்சர்ட்சன் 1883 இல் வரைந்தார். நீண்ட சாப்பாட்டு மேசை, ஒரு முனையில் வயதான கணவர், மறு முனையில் சலித்துச் சாய்ந்திருக்கும் இளம் மனைவி. நடுவில் விரிப்பும் விளக்கும். மூன்றாவதைத் தேடுங்கள் என்றேனே, இங்கே மேசையின் நீளம்தான் அது. 1886 இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அவர் மட்டும் கணப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவள் எங்கே என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை.

இனி பிஸ்கட் டப்பா. நீங்கள் நினைத்துக் கேட்ட தோட்டத்து பெஞ்சுப் படங்களில் பாதி மார்கஸ் ஸ்டோனுடையதாகவோ அவரைப் பார்த்து வரைந்தவர்களுடையதாகவோ இருக்கும். ஸ்டோன் 1880களில் வரைந்தார், ஆனால் அவருடைய ஆட்கள் எல்லாம் 1800 வாக்கு உடையில் இருப்பார்கள். காரணம் எளிது. உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்ட சமகால ஆணைப் பார்த்தால் வங்கி நினைவுதான் வரும். தாத்தா பாட்டி காலத்து உடை போட்டுவிட்டால் வருமானம் என்ன, சீதனம் எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது ஆள் படத்திலிருந்து மறைந்துவிடுவார், இனிப்பு மட்டும் மிஞ்சும். அச்சுப் பிரதிகளாக வீடு வீடாகப் போனது இதனால்தான்.

அப்படியும் முழுக்க ஒதுக்கிவிட எனக்கு மனசு வராது. நாட்டிங்காமில் இருக்கும் அவருடைய 1888 ஆம் ஆண்டுப் படத்தில் பெண் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள், இளைஞன் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவளையே பார்க்கிறான். தையல் வேலையின் பயன் அங்கே தெரியும். கையில் ஊசி இருந்தால் நிமிர வேண்டியதில்லை. நிமிராதவரை அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியாது என்று இருவரும் வைத்துக்கொள்ளலாம். இதே உத்தி நம் வீடுகளில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ரவி வர்மா அச்சுப்படத்திலும் உண்டு. தோழிகளோடு நடக்கும் சகுந்தலை, காலில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பித் துஷ்யந்தனைப் பார்க்கிறாளே, அங்கே ஊசிக்குப் பதில் முள். ஐரோப்பியப் பாணி எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்த ரவி வர்மாவுக்குக் காளிதாசனிடமிருந்தே அந்தச் சாக்கு கிடைத்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இந்தப் படங்களைப் பற்றி இணையத்தில் தேடினால் 'விசிறி மொழி' என்று ஒரு பட்டியல் வரும்: வலது கன்னத்தில் வைத்தால் சம்மதம், இடது கன்னத்தில் வைத்தால் மறுப்பு என்கிற மாதிரி. அது பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டு விசிறிக் கடைக்காரர்கள் விற்பனைக்காக அச்சடித்துக் கொடுத்த துண்டுத்தாள் சரக்கு. பாரிஸின் டுவெல்ராய் கடை இதில் கெட்டிக்காரர்கள். எல்லாருக்கும் தெரிந்த ரகசிய மொழியில் யார் ரகசியம் பேசுவார்கள்? பூக்களின் மொழிக்கு 1819 முதல் அகராதிகள் வந்தன, ஆனால் ஓர் அகராதி சொல்வதை இன்னொன்று மறுக்கும். ரோஜா, ஐவி மாதிரி பொதுவில் புழங்கியதைத் தாண்டி, ஒவ்வோர் இதழுக்கும் அர்த்தம் தேடிப் போகாதீர்கள். கைகள் எங்கே இருக்கின்றன, யார் யாரைப் பார்க்கிறார்கள், கதவு திறந்திருக்கிறதா, தொப்பி எங்கே என்று பாருங்கள். அது போதும்.

விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு பிரெஞ்சு ஓவியர் டிஸ்ஸோவின் அனுபவமும் சாலமனுடையதைப் போன்றதே. 1876 இல் தேம்ஸ் நதியில் படகு விடும் காட்சி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்: ஒரு கடற்படை அதிகாரி, இரண்டு பெண்கள், ஷாம்பெயின் பாட்டில்கள், துணைக்குப் பெரியவர் யாரும் இல்லை. ஆபாசம் என்றார்கள். அடுத்த வருடம் ஏறத்தாழ அதே காட்சியைத் திருத்திப் போட்டார். இம்முறை ஸ்காட்லாந்துப் படைவீரர் ஒருவர் இரு பெண்களுக்கு நடுவே நேராக உட்கார்ந்து வருகிறார், பாட்டில்களைக் காணோம். இப்போது எல்லாருக்கும் திருப்தி. சாலமனுக்குப் பிறகு 22 வருடம் கழிந்தும் நாற்காலிகளின் கணக்கு மாறவில்லை.

கடைசியாக ஆங்கில ஓவியர் மில்லே. 1871 இல் அவர் வரைந்த 'ஆமா, இல்லையா?' என்ற படத்தில் ஓர் இளம்பெண் தனியாக நிற்கிறாள். கையைப் பின்னால் கட்டியிருக்கிறாள், அந்தக் கையில் ஓர் ஆணின் புகைப்படம். படத்தில் வேறு யாரும் இல்லை. 1870 இல்தான் திருமணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. சொத்து முழுவதும் அவளுடையது என்று ஆக 1882 வரை பொறுக்க வேண்டும். ஆகவே அவள் 'ஆம்' என்றால் புகைப்படத்தில் இருப்பவனுக்கு எதையெல்லாம் கொடுக்கிறாள் என்பது அன்றைய பார்வையாளருக்குத் தெரியும். மில்லே 1875 இல் 'இல்லை' என்றும், 1877 இல் 'ஆம்' என்றும் இரண்டு படங்கள் போட்டு ஊரைத் திருப்திப்படுத்தினார். இரண்டும் முதல் படத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

மில்லேக்கு இதெல்லாம் வரைந்து தெரிந்த விஷயம் இல்லை. அவருடைய மனைவி எஃபி முன்பு கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் மனைவி. சாலமன் வரைந்த அப்பா கண்காட்சியில் தூங்கிய அதே 1854 இல், ஏப்ரல் 25 ஆம் தேதி, பெற்றோர் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லி எஃபி லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினார். வழியனுப்ப வந்த ரஸ்கினுக்கு ஒன்றும் தெரியாது. ஹிட்சின் நிலையத்தில் எஃபியின் அப்பாவும் அம்மாவும் காத்துக்கொண்டிருந்தார்கள், ஏற்பாடு எல்லாம் தயார். கல்யாண மோதிரமும் வீட்டுச் சாவிகளும் கணக்குப் புத்தகமும் ரஸ்கின் வீட்டுக்குத் திரும்பிப் போயின, அன்று மாலையே வழக்கு அறிவிப்பும் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் மில்லேயைக் கல்யாணம் செய்துகொண்டார், எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் விக்டோரியா ராணி இருக்கும் எந்தச் சபைக்கும் எஃபிக்கு அழைப்பு கிடையாது. 1896 இல் மில்லே தொண்டைப் புற்றுநோயால் பேச முடியாமல் கிடந்தபோது, உங்களுக்கு என்ன செய்யலாம் என்று ராணி கேட்டனுப்பினார். ராணி என் மனைவியைச் சந்திக்க வேண்டும் என்று மில்லே எழுதிக் கொடுத்தார். எஃபி அரண்மனைக்குப் போனார். ரயில் ஏறி 42 வருடம் ஆகியிருந்தது.